கூலர் மாட்டிய வெள்ளிக்கிழமை

அந்தக் கூலரை வாங்கி அனுப்பியவர் என் வீட்டுக்காரர். அப்போது அவர் சவூதியில் ஏசி மெக்கானிக்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நான் கோரிப்பாளையத்தில், தர்காவுக்குப் பின்பக்கச் சந்தில், மாமா மாமியோடு இருந்தேன். மாமா என்றால் அவருடைய அத்தா, அதாவது அப்பா. கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. அந்த நாலு வருஷத்தில் அவர் வீட்டில் இருந்த நாட்களையெல்லாம் கூட்டினால் ஒரு மழைக்காலம் தேறாது.

மாடி அறையில் உட்கார்ந்து கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பது என் வேலை. ஸ்டுடியோக்காரர்கள் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். நாள் முழுக்க எடுத்ததை இரண்டு மணி நேரமாகச் சுருக்கி, பாட்டு சேர்த்துத் தரவேண்டும். அதற்கான கம்ப்யூட்டரைக் கடைசி லீவில் வந்தபோது அவரே பாகம் பாகமாக வாங்கி, கட்டில்மேல் பரப்பிவைத்துப் பூட்டிக் கொடுத்தார். பிராசசரோடு டப்பாவில் சும்மா வருகிற சின்ன ஃபேனையே அதன் தலையில் மாட்டினார். "இப்போதைக்கு இது போதும்" என்றார். அது மார்கழி. போதும்தான்.

முதல் சித்திரையில் வேலை குறைவு, சமாளித்தது. அடுத்த சித்திரையில் போதவில்லை. எங்கள் மாடி அறைக்கு மேலே வேறு எதுவும் இல்லை, வெறும் தளம். பத்து மணிக்கே சுவரைத் தொட முடியாது. வீடியோவைக் கடைசியாக ஒன்றாக்கி எடுக்கிற நேரத்தில் அந்தச் சின்ன ஃபேன் கிரைண்டர் மாதிரி இரையும். கீழே இருந்து மாமி "என்னம்மா, வெடிச்சுரப் போகுது" என்று கத்துவார். ஒருநாள் மேலூர்க்காரர் வீட்டு நிக்காஹ் வீடியோ முடியப்போகிற நேரத்தில் ஸ்கிரீன் அணைந்து, மெஷினும் நின்றுவிட்டது. மறுபடி போட்டேன். மறுபடி அதே இடத்தில் நின்றது.

அவருக்குப் போன் போட்டேன். சூடு எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்கச் சொன்னார்.

"தொண்ணூத்தொம்பது காட்டுது மச்சான்."

"அம்புட்டும் சூடு. அந்த ஃபேனு தாங்காது. நான் நல்ல கூலரா அனுப்புறேன்."

கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர்களே மாட்டித் தந்திருப்பார்கள். நான் அதைச் சொல்லவும் செய்தேன். "வேண்டாம், வெள்ளிக்கிழம எனக்கு லீவுதான். வீடியோ கால்ல வா, நானே சொல்லித் தாரேன்" என்றார். அவர் குரலில் அன்று ஓர் உற்சாகம் இருந்தது. வீட்டில் ஒரு குழாய் ஒழுகினாலும் அவருக்குச் செய்தியாகத்தான் போகும். சரிசெய்தபிறகு இன்னொரு செய்தி போகும். இந்த ஒரு வேலையாவது தன் வழியாக நடக்கட்டும் என்று நினைத்திருப்பார். நானும் சரி என்றேன்.

பார்சல் வந்தபோது மாமிக்குத்தான் ஏமாற்றம். மகன் கூலர் அனுப்புகிறான் என்று கேட்டதிலிருந்து, தண்ணீர் ஊற்றிவைத்தால் ஹால் முழுக்கக் காற்று வருகிற கூலர் என்று நினைத்துக்கொண்டு மூலையில் இடம் ஒதுக்கி வைத்திருந்தார். டப்பாவைத் திறந்தால் உள்ளே செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரியதாக, அலுமினியத் தகடுகளை அடுக்கி நடுவே செம்புக் குழாய் செருகிய ஒரு பொருள். அதோடு ஒரு கறுப்பு ஃபேன்.

"இதுல யாருக்கும்மா காத்து வரும்?" என்றார்.

"மெஷினுக்கு மாமி."

"ஆமா, மனுசனுக்குத்தான் ஒண்ணும் அனுப்ப மாட்டான்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

மாமாவைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். ஆரப்பாளையத்திலிருந்து தேனிக்குப் போகிற ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். உசிலம்பட்டி சந்தை நாளில் பிதுங்குகிற கூட்டத்துக்கு நடுவே, கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்தவர். ரூபாய் நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிவைத்திருப்பாராம். அந்த விரல்கள் முந்தின வருஷம் நோன்புக்குக் கொஞ்சம் முன்னால் ஆட ஆரம்பித்தன. முதலில் வலது கைப் பெருவிரலும் ஆட்காட்டி விரலும்தான். எதையோ உருட்டிக்கொண்டே இருப்பதுபோல் இருக்கும். பிறகு டீ கிளாஸைத் தூக்கிக்கொண்டிருக்கும்போதே தளும்ப ஆரம்பித்தது. நானும் மாமியும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் நடக்கச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார், ஒரு தாளில் எழுதச் சொன்னார். நடுக்குவாதம் என்றார். மாத்திரையால் கட்டுப்படுத்தலாம், முழுக்கப் போகாது என்றார்.

வரும்போது ஆட்டோவிலேயே மாமி சொல்லிவிட்டார்.

"அவன்கிட்ட யாரும் மூச்சு விடப்படாது. அங்கன இருந்துக்கிட்டு அவன் என்ன செய்வான்? ஒண்ணு வேலைய விட்டுட்டு ஓடியாருவான், இல்ல தூங்காமக் கெடப்பான்."

மாமா வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து வீடியோ காலில் பேசும்போதெல்லாம் அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வார். போனை நான் பிடித்துக்கொள்வேன். முகம் மட்டும் தெரிகிற மாதிரி பிடிக்க எனக்குப் பழகிவிட்டது. "அத்தா தெளிவா இருக்காரு" என்று அவர் சந்தோஷப்படுவார்.

அந்த வெள்ளிக்கிழமை அங்கே அவருக்கும் ஜும்மா தொழுகை முடிந்து, சாப்பிட்டதும் வேலையை ஆரம்பித்தோம். முதலில் மெஷினைக் கொஞ்ச நேரம் ஓடவிடச் சொன்னார்; சூடானால்தான் ஃபேனுக்கு அடியில் தடவிய பழைய பசை இளகுமாம். பிறகு அணைத்து, வயரைப் பிடுங்கி, கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றி மேசைமேல் படுக்கவைத்தேன். போனை ஒரு தலையணையில் சாய்த்துவைத்தேன். அது கேபினட்டின் உள்ளே காட்டாமல் மின்விசிறியைக் காட்டியது. பிறகு ஒரு சொம்பில் சாய்த்தேன். சரிந்து விழுந்தது. எனக்கு இரண்டு கையும் உள்ளே வேண்டும்.

அந்த நேரம் பார்த்து மாமா படியேறி வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"குடும்மா, நான் புடிக்கிறேன்."

நான் அவரைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். போனுக்குள் அவர் மகன், "அத்தாவா? அப்ப நல்லதாப் போச்சு, குடு" என்றுவிட்டார். மாமா இடது கையை நீட்டி வாங்கினார். இடது கை அப்போது ஓரளவு நன்றாகவே இருந்தது.

"கொஞ்சம் கீழ எறக்குங்கத்தா. ஆங், அங்கனதான். அப்படியே வச்சுக்கங்க."

பழைய ஃபேனின் நாலு மூலைக் கொக்கிகளையும் அவர் சொன்னபடி திருகித் தூக்கினேன். அடியில் பசை காய்ந்து சுண்ணாம்பு மாதிரி பொருக்கு விட்டிருந்தது. பஞ்சில் சானிடைசரை நனைத்துத் துடைத்தேன். பிராசசர் கண்ணாடி மாதிரி மின்னியது. "பாத்தியா, இம்புட்டுத்தான். இதுக்குப் போயி பயந்த" என்றார். அதற்குள்ளேயே மாமாவின் கை ஆட ஆரம்பித்திருந்தது. எதையாவது நீட்டிப் பிடித்தால் முதலில் அசையாமல் நிற்கும். கொஞ்ச நேரம் போனபிறகுதான் தொடங்கும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"படம் ஆடுது" என்றார் போனில் அவர்.

"நெட்டு சரியில்லப்பா" என்றார் மாமா.

"நெட்டு போனா படம் நின்னுரும்த்தா. ஆடாது."

நான் குறுக்கே புகுந்தேன். "ஃபேன் காத்துல போன் ஆடுதுங்க" என்று சொல்லி, எழுந்துபோய் மின்விசிறியை அணைத்தேன். சித்திரை மாதத்தில், அந்த அறையில், வெயில் தணியாத நாலு மணிக்கு. நெற்றியிலிருந்து வியர்வை மதர்போர்டில் சொட்டிவிடாமல் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே வேலை செய்தேன். படம் அப்புறமும் ஆடியிருக்கும். அவர் அதற்குப்பிறகு அதைப்பற்றிப் பேசவில்லை.

போர்டுக்குப் பின்பக்கம் ஒரு தகடு வைத்து, முன்பக்கம் நாலு கால் பூட்டி, அதன்மேல் இரண்டு சட்டங்கள் மாட்டினேன். பசையைப் பச்சைப் பட்டாணி அளவு நடுவில் வைத்தேன். கூலரைத் தூக்கி, அடியைப் போனுக்குத் திருப்பிக் காட்டிவிட்டு, செம்பு அடிப்பாகம் பிராசசர்மேல் உட்கார்கிற மாதிரி இறக்கி, இரண்டு ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். ஃபேனைக் கம்பிக் கொக்கியால் மாட்டி வயரைச் செருகினேன். மூவருக்கும் பெருமை. மாமா "மாஷா அல்லாஹ், பொம்பளப் புள்ள மாட்டிருச்சு பாரு" என்றார்.

பிறகு சோதனை. மெஷினுக்கு முழு வேலை கொடுத்துச் சூடேற்றிப் பார்க்கிற ஒரு புரோகிராமை ஓடவிடச் சொன்னார். எண்ணை வாசிக்கச் சொன்னார்.

"எழுபது. எண்பத்தி நாலு. தொண்ணூறு. மச்சான், தொண்ணூத்தேழு. நூறு."

மெஷின் நின்றுவிட்டது.

எதையோ கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். போனில் அவர் கேட்டார்.

"கூலரோட அடியில ஒரு பிளாஸ்டிக் ஷீட்டு ஒட்டியிருக்கும். உரிச்சியா?"

"என்ன ஷீட்டு?"

"கண்ணாடி மாதிரி இருக்கும். அதுல எழுதியே இருக்கும், உரிச்சுட்டு மாட்டுங்கன்னு."

நான் பார்க்கவே இல்லை. செம்புதான் அப்படிப் பளபளக்கிறது என்று நினைத்திருந்தேன்.

"நான் பாத்திருக்கணும்" என்றார். "நீ அதைத் திருப்பிக் காட்டுனப்பவே சொல்லியிருக்கணும். படம் தெளிவாத் தெரியல."

அவர் யார்மேலும் குறை சொல்லவில்லை. தன்னைத்தான் சொல்லிக்கொண்டார். அதைத்தான் மாமாவால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

"நெட்டு இல்லப்பா" என்றார். "ஏங் கைதான்."

பிறகு என்னிடம் போனை நீட்டி, "என்னையத் திருப்பிக் காட்டும்மா" என்றார். நான் கேமராவை மாற்றி அவர் பக்கம் பிடித்தேன். முகம் மட்டும் தெரிகிற மாதிரித்தான் பழக்கத்தில் பிடித்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, சட்டைப் பைக்குள் விட்டிருந்த வலது கையை வெளியே எடுத்து, முகத்துக்கு முன்னால் நீட்டினார். அது அவர் சொல்வதைக் கேட்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. அவர் அதை நிறுத்த முயலவும் இல்லை.

ஸ்கிரீனில் என் வீட்டுக்காரர் முகம் அப்படியே நின்றது. நெட் போய்விட்டதோ என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு அவர் கண் கொட்டியது.

"எம்புட்டு நாளாத்தா?"

"போன வருசம் நோன்புக்கு முந்தி."

"டாக்டர்ட்டக் காட்டுனீங்களா?"

"அதெல்லாம் காட்டியாச்சு. மாத்திரை திங்கிறேன். கூடாமப் பாத்துக்கலாமாம். போகாதாம்."

கீழேயிருந்து மாமியின் குரல் வந்தது. "என்ன, ஒரு சத்தத்தையும் காணோம்? மாட்டி முடிஞ்சுருச்சா?"

போனில் அவர் தொண்டையைச் செருமினார்.

"சரி, கழட்டு. மறுபடி மாட்டுவோம்."

நான் போனைச் சொம்பில் சாய்க்கப் போனேன்.

"வேண்டாம். அத்தா, நீங்களே புடிங்க. ஆடட்டும், பரவாயில்ல."

மாமா வாங்கினார். இந்த முறை முழங்கையை மேசையில் ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்தார். நான் கூலரைக் கழற்றினேன். ஷீட்டின்மேல் பசை அப்பியிருந்தது. உரித்துப் போட்டு, துடைத்து, புதிதாகப் பசை வைத்து மறுபடி மாட்டினேன். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். குரல் மட்டும் வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது. மெஷினை ஓடவிட்டு எண்ணை வாசித்தேன். அறுபதைத் தாண்டியது. அறுபத்தெட்டு. எழுபத்தொன்று. அங்கேயே நின்றது. கொஞ்ச நேரம் விட்டுப் பார்க்கவேண்டும் என்றார். மூன்று பேரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். வேறு எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை.

"மதியம் என்னப்பா சாப்ட்ட?" என்று மாமா கேட்டார்.

"கப்சாச் சோறுத்தா."

"நெஞ்சு கரிக்குதுன்னியே, இப்ப பரவால்லையா?"

"இல்லத்தா, இப்ப இல்ல."

எழுபத்தொன்றிலேயே நின்றது. "சரியாயிருச்சா?" என்று மாமா கேட்டார். "சரியாயிருச்சுத்தா" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

அன்று ராத்திரி எனக்குத் தனியாகக் கூப்பிட்டார்.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"மொதல்லேருந்தே."

"நான் தெனமும் உன்கிட்டதான கேட்டேன், அத்தா எப்பிடி இருக்காருன்னு."

மாமிதான் சொல்லவேண்டாம் என்றார் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னாலும் அவருக்கு அதில் ஒன்றும் குறைந்திருக்காது. அடுத்த பல வாரங்களுக்கு என்னோடு பேசவேண்டியதை மட்டும் பேசினார். ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். நான் அனுப்பினால், அங்கே ரூமில் இருக்கிற யாரோ ஒருவரிடம் கேட்டு, அந்த மாத்திரை இந்த நேரத்தில் சாப்பாட்டுக்கு முன்னால் கொடு என்பார். எல்லாம் நாங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததுதான். சரிங்க என்பேன்.

மாமா அதற்குப்பிறகு கையை மறைக்கவில்லை. ஆனால் கொஞ்ச நாளில் வீடியோ காலுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார். நான் போனை நீட்டினால், "பேச்சு மட்டும் போதும்மா" என்பார். ஏன் மாமா என்று ஒருநாள் கேட்டேன்.

"அவன் ஏம் மொகத்தப் பாக்க மாட்டேங்கிறான்மா. கையத்தான் பாக்குறான்."

லீவு உடனே கிடைக்கவில்லை. வேனலில் ஏசி மெக்கானிக்கை எந்தக் கம்பெனி விடும்? குளிர் தொடங்கியபிறகுதான் வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். மாமாவின் நடை அதற்குள் குறுகிப்போயிருந்தது. தரையை விட்டுக் கால் எழும்பாது. பாத்ரூம் வாசலில் நின்றால் நின்ற இடத்திலேயே ஒட்டிக்கொள்வார். யாராவது "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினால்தான் அடுத்த அடி வரும். லீவு முழுக்க அந்த எண்ணிக்கையை மகன்தான் சொன்னார். குளிப்பாட்டினார், சட்டைப் பொத்தான் போட்டுவிட்டார். சாயங்காலம் ஆட்டோ வைத்து வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குக் கூட்டிப்போவார். அந்த வருஷம் குளத்தில் தண்ணீர் நிறைந்திருந்தது. சுவரில் உட்கார்ந்து காற்று வாங்கிவிட்டு வருவோம்.

ஒருநாள் அங்கே வைத்துத்தான் அவர் ஆரம்பித்தார். "அத்தா, நான் போகல. இங்கனயே எதாச்சும் பாத்துக்கிறேன்."

மாமாவின் குரல் அப்போது ரொம்பத் தணிந்திருந்தது. பக்கத்தில் குனிந்துதான் கேட்கவேண்டும். அவர் குனிந்தார்.

"நீ போப்பா. நீ என்னையப் பாத்துக்கிட்டே இருந்தா, எனக்கும் என் வியாதிதான் ஞாவகம் வருது."

அவர் எழுந்து கொஞ்ச தூரம் குளத்தோரமாக நடந்துவிட்டு வந்தார். அந்த வார முடிவில் கிளம்பிவிட்டார்.

அடுத்த ஐப்பசி மழையில் மாமாவுக்கு இருமல் பிடித்தது. சாப்பாட்டை விழுங்கவே அவருக்குச் சிரமமாகியிருந்த காலம். தண்ணீர் குடித்தாலும் புரையேறும். சளி நெஞ்சுக்கு இறங்கியது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்தார்கள். ஒரு காலையில், மாமி கையிலிருந்த கஞ்சி ஆறுவதற்குள் மௌத்தாகிவிட்டார்.

என் வீட்டுக்காரருக்குச் சொன்னது நான்தான். விமானம் கிடைத்து வந்துசேர மறுநாள் ஆகிவிடும். மய்யத்து உடலை அவ்வளவு நேரம் வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு எடுப்பதாக முடிவானது. ஜனாஸா எடுப்பதை வீடியோவில் காட்டட்டுமா என்று சொந்தக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டார். என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"வேண்டாம். யாரும் காட்ட வேண்டாம். அத்தாவுக்கு அது புடிக்காது."

வந்து சேர்ந்ததும் நேராகக் கபர்ஸ்தானுக்குப் போனார். திரும்பி வந்து மாமி பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் அழுதார்கள். மாமி அவர் தலையைத் தடவிக்கொண்டே, "நான்தான்ப்பா ஒங்கிட்டச் சொல்லவேண்டாம்னேன். இவளக் கோவிச்சுக்கிறாத" என்றார். "தெரியும்மா" என்றார் அவர். எப்போது தெரியும், எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதியதும் மறுபடி கிளம்பினார்.

அவரை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்த மறுநாளே ஒரு நிக்காஹ் வீடியோ முடிக்கவேண்டியிருந்தது. அதில் நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை எழுந்து தன் அத்தாவைக் கட்டிக்கொள்கிறான். வயதானவர். மகனை விடவே மனமில்லாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் ஆட்கள் மாலையோடு காத்திருக்கிறார்கள், யாரோ தோளைத் தட்டுகிறார்கள், அவர் விடவில்லை. எங்கே வெட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு மூன்று இடத்தில் வெட்டிப் பார்த்து, மறுபடி சேர்த்து, கடைசியில் எடுத்தபடியே முழுசாக விட்டு அனுப்பிவிட்டேன்.

ஸ்டுடியோக்காரர் பார்த்துவிட்டுப் போன் செய்தார். "எல்லாம் சூப்பர்க்கா. அந்தக் கட்டிப்பிடிக்கிற எடம் மட்டும் ரொம்ப நீளமா இருக்கு. பார்ட்டி கேக்குறாங்க. கொஞ்சம் வெட்டிருங்களேன்."

சரி என்றேன். உட்கார்ந்து வெட்டினேன்.